பழைய காருக்கு எந்த இன்சூரன்ஸ் போடலாம்?

கேள்வி: வேடசந்தூர் அருகே ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறேன். அப்பாவை அடிக்கடி மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால் 796 சிசி பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கிறது. இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதமாகிறது. ஏஜென்ட் ரூ.8,500 கேட்கிறார். குறைந்த வருமானக்காரர்களுக்குச் சலுகை உண்டா? இன்சூரன்ஸ் இல்லாமல் ஊருக்குள் மட்டும் ஓட்டலாமா?

பதில்: ஓட்டவே கூடாது. பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு. ஊருக்குள் என்று விலக்கு கிடையாது. முதல் முறை பிடிபட்டால் ரூ.2,000 அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தை விட நான் அஞ்சுவது விபத்தை. உங்கள் கார் மோதி ஒருவர் இறந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் பல லட்சம் இழப்பீட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அதை நிலவரி பாக்கி போல வசூலிக்க மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்ப 174-ஆவது பிரிவு வழி செய்கிறது. இருக்கும் வீடும் ஏலத்துக்குப் போகலாம்.

வருமானத்தைப் பார்த்துப் பிரீமியத்தைக் குறைக்கும் திட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் தேர்டு பார்ட்டி கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-இல் அமலான அட்டவணைப்படி 1,000 சிசிக்கு மேற்படாத சொந்த உபயோகக் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.2,471. எந்தக் கம்பெனியிலும் இதே ரேட்தான். ஓட்டும் உரிமையாளருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீட்டுக்குச் சில நூறு ரூபாய் கூடும்.

ஏஜென்ட் சொல்வது ‘ஃபுல் இன்சூரன்ஸ்’. பழைய காரில் பம்பர் உடைந்தால் பிளாஸ்டிக் என்று பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். அதற்காக அதை எடுக்க வேண்டாம். யோசிக்க வேண்டியது உங்கள் அப்பாவுக்காக. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், உங்கள் தவறால் நேரும் விபத்தில் காருக்குள் இருப்பவர்களுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. ஃபுல் பாலிசியில் பொறுப்பேற்கும். நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் பாலகிருஷ்ணன் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது.

எனவே கொட்டேஷனை வரிவரியாக வாங்கிப் பாருங்கள். ஜீரோ டிப்ரிசியேஷன் போன்ற ஆட்-ஆன்களை நீக்கச் சொல்லுங்கள். வண்டியின் மதிப்பே குறைவு என்பதால் ஓன் டேமேஜ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான) பிரீமியமும் இறங்கும். இந்தப் பகுதிக்குத்தான் கம்பெனிக்குக் கம்பெனி ரேட் மாறும். நாலு இடத்தில் விசாரியுங்கள். தேர்டு பார்ட்டி பாலிசியோடு வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்தால் ஃபுல் பாலிசியே எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் தேர்டு பார்ட்டியோடு, பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 70 வயதுக்குள் என்றால், வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.20 பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ரூ.2 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டு.

பாலிசி எடுத்த கையோடு ஆர்.சி.யையும் மாற்றுங்கள். படிவம் 29, 30-இல் பழைய ஓனரின் கையெழுத்து வாங்கி, இன்சூரன்ஸ் சான்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள். வேறொருவர் பெயரிலேயே ஆர்.சி. நீடித்தால் கிளெய்மில் சிக்கல் வரும். பாலிசி கைக்கு வந்ததும் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். அதில் ஏறாவிட்டால் பாலிசி உண்மைதானா என்று கம்பெனியிலேயே நேரில் கேளுங்கள். அதுவரை அப்பாவைப் பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ அழைத்துப் போங்கள்.