கீழே படுத்துப் பாரும்

அன்புத் தம்பி,

பழைய ஸ்னோமொபைல் வாங்குவது பற்றி நீர் எழுதின கட்டுரையை நேற்றிரவு ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். ரொறன்ரோவிலிருந்து ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு ஹாலிபேர்ட்டனுக்கும் பாரி சவுண்டுக்கும் போகிற எங்கட பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காக ஒரு மெக்கானிக் தமிழில் எழுத வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். கிளச், பெல்ட், பதிவுப் பத்திரம் பற்றியெல்லாம் நான் உமக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு இடங்கள்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

"5,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடினதைத் தொடவே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர். எனக்குக் கோபமே வந்தது. காருக்குச் சொல்கிற கதையை இதற்கும் சொல்லலாமோ? டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் ஒயில் தேங்கி நிற்கிற தொட்டி இல்லை என்பது உமக்குத் தெரியும். ஓடும்போது வந்து விழுகிற ஒயில்தான் கிராங்க் பெயரிங்குகளைக் காக்கிறது. ஃபொகிங் ஒயில் அடிக்காமல் கொட்டிலுக்குள் கோடை முழுக்கக் கிடந்த வண்டிக்கு ஈரம் ஏறி, அந்தப் பெயரிங்குகளில் துரு பிடிக்கும். எதனோல் கலந்த பெற்றோல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குள் பசை கட்டும். எலி வந்து காற்றுப் பெட்டிக்குள் கூடு கட்டி, வயரையும் கடித்து வைக்கும். மீற்றர் மட்டும் அப்படியே 1,800 என்று காட்டிக்கொண்டு நிற்கும். அதை நம்பி வாங்கினவன் முதல் ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடித்து ட்ரெயிலில் நிற்பான். என் கராஜுக்கு இழுத்துக்கொண்டு வந்த வண்டிகளில் பாதி இப்படி "ஓடாத" வண்டிகள்தான். அதேநேரம் 20,000 தாண்டின யமஹா ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் ஒயில் மாற்றத்துக்கு மட்டும் வந்து போகும். யமஹா 2025 மொடலோடு ஸ்னோமொபைல் செய்வதை நிறுத்திவிட்டது என்பதற்காக அவற்றை ஒதுக்கச் சொன்னதும் அவசரம். பாரம் கூடின வண்டிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனமாய் வைத்திருந்தால் அதுபோல உழைக்கிற எஞ்சினைக் காண்பது கஷ்டம்.

கிலோமீற்றரைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடையில் எங்கே வைத்திருந்தீர், என்ன செய்து வைத்தீர் என்பதை முதலில் கேட்கச் சொல்லும். விற்கிறவன் தடுமாறுகிற இடம் அதுதான்.

இரண்டாவது, அந்தப் படம். 154 அங்குல ட்ராக் போட்ட மலை வண்டியைக் காட்டி "மலிவாய்க் கிடைத்தால் விடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறீர். யாருக்கு? ஒன்ராறியோவில் கிளப்காரர் இழுத்துச் சமப்படுத்தின ட்ரெயிலில் ஓடப் போகிறவனுக்கா? அந்த வண்டி பிரிட்டிஷ் கொலம்பியாவின் இளகின பனிக்குச் செய்தது. இரண்டரை அங்குலப் பற்கள் இறுகின தரையில் வளைந்து பிய்யும். ஸ்கிகளுக்கு இடையில் அகலம் குறைவென்பதால் திருப்பத்தில் உள்பக்கம் தூக்கும். கூலன்ட் ஓடுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சரும் சிறிது. அள்ளி எறிகிற பனி இல்லாவிட்டால் எஞ்சின் கொதிக்கும். ட்ரெயிலுக்கு 121, 129, மிஞ்சினால் 137 அங்குலம், பல் ஒன்றேகால் அங்குலம் போதும். பழகுகிறவனுக்கு என்னைக் கேட்டால் காற்றால் குளிர்கிற 550 ஃபான் எஞ்சினைத்தான் சொல்வேன். இங்கே ட்ரெயிலில் சட்டம் விடுகிற உச்ச வேகமே மணிக்கு 50 கிலோமீற்றர். அதற்கு 850 எஞ்சின் எதற்கு? ஃபான் வண்டியில் கூலன்ட் இல்லை, ரேடியேற்றர் இல்லை, பனி குறைந்த நாளிலும் எஞ்சின் கொதிக்குமென்ற பயமில்லை. கடையில் ஒருவனும் இதை விற்க விரும்பமாட்டான். ஆனால் நீர் விற்கிறவர் இல்லையே, எழுதுகிறவர்.

இப்போது நான் உண்மையில் கதைக்க வந்த விஷயம். உம்முடைய கட்டுரையில் எஞ்சினுக்கு ஒன்றரைப் பக்கம், வண்டியின் அடிப்பக்கத்துக்கு நாலு வரி. நான் தொழில் பழகினது வடக்கே ஒரு பிரெஞ்சுக் கிழவரிடம். விற்க வந்தவன் வாய் திறக்கமுன் அவர் கார்ப்பெட் துண்டொன்றைப் பனியில் விரித்து, டோர்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். முதலில் ட்ராக் சறுக்குகிற பிளாஸ்டிக் பட்டைகள், அந்த ஹைஃபாக்ஸ். அவற்றைக் குளிர வைப்பது பனி மட்டும்தான். வெறும் ஐஸிலும் றோட்டிலும் ஓட்டியிருந்தால் உருகித் தேய்ந்து, பக்கத்துக் கோட்டைத் தாண்டியிருக்கும். பட்டையைப் பார்த்தே இந்த வண்டி எப்படி வாழ்ந்ததென்று சொல்லிவிடுவார். பிறகு ஐட்லர் சில்லுகளை ஒவ்வொன்றாய்ச் சுற்றி, பெயரிங் கரகரக்கிறதா என்று காதைக் கிட்டக் கொண்டுபோவார். ட்ராக்கின் உள்விளிம்பு முழுக்கக் கையால் தடவி, நூல் பிரிந்த இடமும் கிளிப் கழன்ற இடமும் தேடுவார். கடைசியில் ட்ராக்கில் பூட்டின ஸ்டட் ஆணி கீறின தடம் உண்டா என்று, ட்ராக்குக்கு மேலே இருக்கிற டனலின் உள்கூரையைப் பார்ப்பார். வெளியில் பளபளத்த எத்தனையோ வண்டிகளை அங்கேயே வேண்டாமென்று எழும்பியிருக்கிறார். எஞ்சினை இயக்கச் சொல்வது எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

அவருக்குக் கியூபெக்கின் வல்கூர் என்றால் கோயில் மாதிரி. என்னையும் ஒரு கோடையில் கூட்டிக்கொண்டு போனார். ஸ்கி-டூவைச் செய்த ஜோசஃப் அர்மான்ட் பொம்பார்டியருக்குத் தகப்பன் 1926இல் கட்டிக்கொடுத்த கராஜ் அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1934இல், பனி மூடின பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்த மனிசன் அவர். 1937இல் அவர் காப்புரிமை எடுத்தது புது எஞ்சினுக்கு அல்ல. பற்சில்லும் பட்டியும் சேர்ந்து பனியில் ஓடுகிற முறைக்கு. 1959இல் வந்த ஸ்கி-டூவும் அந்த வழியில் வந்ததுதான். எஞ்சின் எந்த வண்டியிலும் உண்டு, பனியில் ஓட வைத்தது அடிப்பக்கம் என்று கிழவர் அந்தக் கராஜ் வாசலில் நின்று சொன்னார். அதனால்தான் உம்முடைய நாலு வரி எனக்கு நோகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். விற்கிறவன் வீட்டில் இறங்கினதும் கையுறையைக் கழற்றி, எஞ்சின் குளிராய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்ன பந்தி. முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி எதை மறைக்கிறது, குளிரில் முதல் இழுப்புக்கு எழும்புகிற வண்டி எப்படிச் சத்தம் போடும், இரண்டு சிலிண்டரின் கொம்பிரஷனும் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஏன் திரும்பி வரவேண்டும் என்று நீர் எழுதியிருக்கிற விதம்! இந்த நாட்டில் இங்கிலிஷில் வந்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாய் நான் வாசிக்கவில்லை. அந்தப் பந்தியைக் கராஜ் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அதே கையால் அடிப்பக்கத்தையும் எழுதும். பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை நிற்பாட்டி, ட்ராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லும். பிறகு எஞ்சினைப் போட்டு மெதுவாய் ஓடவிட்டு, ட்ராக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்கட்டும். ஆனால் அந்த நேரம் வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது என்பதை முதல் வரியில் போடும். கழன்ற ஸ்டட் ஒன்று பறந்தால் ஆளை முடித்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்