இலங்கைக்கு மின்சாரம் விற்க: ராமநாதபுரத்துக்காரர்களுக்கான வழிகாட்டி

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர்தான். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சோலார் போட்டவர்களும் போட நினைப்பவர்களும் 'இங்கே விளையும் கரண்டை அங்கே விற்க முடியுமா?' என்று கேட்பது நியாயமான கேள்வி. சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. கம்பிதான் இன்னும் வரவில்லை. மதுரையிலிருந்து கடல் தாண்டி இலங்கைக்கு உயரழுத்த நேர்மின் பாதை அமைப்பது பற்றி 2010 ஜூனில் இரு நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் மறுபடி ஒன்று கையெழுத்தானது. வங்கதேசத்துடனான ஒப்பந்தமும் அதே 2010இல் போட்டதுதான். அங்கே 2013 அக்டோபரிலேயே 500 மெகாவாட் திறனுள்ள பஹரம்பூர்–பேராமாரா பாதையில் மின்சாரம் போகத் தொடங்கிவிட்டது. நமக்குக் கிடைத்திருக்கும் காலத்தைத் தயாரிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாடியில் சில கிலோவாட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. உங்கள் மிச்ச யூனிட் மின்வாரியக் கணக்கோடு முடிந்துவிடும். மெகாவாட் அளவில் உற்பத்தி செய்பவர்கள் மேலே படிக்கலாம்.

முதல் வேலை, உங்கள் மின்சாரம் விற்பதற்கு உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016இல் திறக்கப்பட்டது. அதன் மின்சாரம் யூனிட் ரூ.7.01 என்ற விலையில் 25 ஆண்டுகளுக்குத் தமிழ்நாடு மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அப்படிக் கட்டுண்ட மின்சாரத்தை எல்லை தாண்டி விற்க முடியாது. ஒப்பந்தம் இல்லாத பங்கு எவ்வளவு, கட்டுண்ட பங்கு எந்த ஆண்டு விடுபடுகிறது என்று தேதியோடு குறித்து வையுங்கள். சோலார், காற்றாலை, நீர்மின் நிலையங்களுக்கு எரிபொருள் கேள்வி வராது. நிலக்கரியில் எடுத்த மின்சாரம் என்றால் அது இறக்குமதி நிலக்கரியா, ஏலத்தில் எடுத்ததா என்றெல்லாம் காட்ட வேண்டும்.

அடுத்து, எந்த மணி நேரத்துக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்ததால் பகலில் கூரை சோலாரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது. நண்பகல் வெயிலில் அவர்களிடமே மிச்சம் இருக்கும்போது நம் சோலாரை யார் வாங்குவார்கள்? பேட்டரி வைத்து மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தர முடிந்தால்தான் பேச்சுக்கு வலு. இல்லாவிட்டால் காற்றாலையோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பிறகுதான் டெல்லி. மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பர் 18 அன்று வெளியிட்ட எல்லை தாண்டிய மின் வணிக நெறிமுறைகள், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகள், மத்திய மின்சார ஆணையம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட நடைமுறை ஆகிய மூன்றையும் வரிசையாகப் படியுங்கள். அனுமதி தர நியமிக்கப்பட்ட அதிகாரி, மத்திய மின்சார ஆணையத்தில் மின் அமைப்புகள் பிரிவின் உறுப்பினர். எத்தனை மெகாவாட், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த நிலையத்திலிருந்து, எல்லையில் எந்த இடத்தில் ஒப்படைப்பு, வாங்குபவர் யார் என்ற ஐந்துக்கும் ஒரே விதமான பதில் எல்லாத் தாளிலும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு எண்ணும் ஒப்பந்தத்தில் வேறு எண்ணும் இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். நேரடியாகப் போகத் தயக்கமாக இருந்தால், ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் வர்த்தகர் மூலமாகப் போகலாம். சிறு உற்பத்தியாளர்களுக்கு அதையே சொல்வேன்.

மாநில மின்தொடரில் இணைந்த நிலையமாக இருந்தால் மாநில மின்சுமை பகிர்வு மையத்தின் இசைவு வேண்டும். பிறகு மத்தியப் பாதையில் இடம் கேட்க வேண்டும். சொன்ன அளவுக்கும் அனுப்பிய அளவுக்கும் வரும் வித்தியாசத்தைத் தீர்க்க, நாட்டுக்கு ஒரு கணக்குத் தீர்வு நிறுவனத்தை அரசு நியமிக்கும். நேபாளம், பூடான், வங்கதேசத்துக்கு என்டிபிசியின் துணை நிறுவனமான வித்யுத் வியாபார் நிகம் அதைச் செய்கிறது.

விலையை இரு தரப்பும் பேசி முடிக்கலாம். பணம் வராவிட்டால் என்ன வழி என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி, வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். ஜார்க்கண்டின் 1,600 மெகாவாட் கொட்டா நிலையம் வங்கதேசத்துக்கென்றே கட்டப்பட்டது. நிலுவை ஏறியது. ஏற்றுமதிக்கென்றே கட்டிய நிலையங்களும் வாங்குபவர் பணம் தராதபோது இந்திய மின்தொடரில் இணையலாம் என்று 2024 ஆகஸ்டில் விதியையே திருத்த வேண்டியதாயிற்று.

இனி, கம்பி கடலில் இறங்கும் கரையில் செய்ய வேண்டியவை. விதிப்படி இது பின்னால் வரும் வேலை. என்னைக் கேட்டால் இதை முதலில் தொடங்க வேண்டும். டெல்லிக் கோப்பு முடிந்த பிறகு கடற்கரைக்கு வந்து பேசுவது மக்களுக்குச் செய்யும் அவமரியாதை. காலமும் விரயம்.

கேபிள் கரை தொடும் இடங்களாக, பாக் விரிகுடாக் கரையில் பனைக்குளம், எதிர்க்கரையில் திருக்கேதீஸ்வரம் ஆகிய பெயர்கள் ஆய்வுகளில் அடிபட்டிருக்கின்றன. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கு, அலை ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் குறித்த 1:4000 அளவு வரைபடம் தேவை. அதை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும். கோப்பு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வழியாகப் போகும். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. கடற்புல் மேயும் கடல்பசு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். கடற்புல் படுகை எங்கே இருக்கிறது என்று ஆய்வாளரிடம் கேட்பதோடு, வலை போடுகிறவர்களிடமும் பாசி எடுக்கும் பெண்களிடமும் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள்.

மின்பாதைகள் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் இல்லை. ஆகவே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தானாக நடக்காது. கிராம சபையில் நீங்களே தடத்தை வைத்துப் பேசுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாட்களில் சபை கூடும். தீர்மானத்தின் நகலைக் கோப்பில் சேருங்கள்.

நிலம் வைத்திருப்பவர்கள் பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் நான்கையும் இப்போதே சரிபார்த்து, தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை மாற்றிக்கொள்ளுங்கள். டவர் லைனுக்கு நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை, இழப்பீடுதான் தருவார்கள். மத்திய அரசின் 2024 ஜூன் நெறிமுறை, டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், ஊரகப் பகுதியில் கம்பி போகும் பட்டைக்கு 30 சதவீதம் என்கிறது. மாநில அரசாணை எந்த விகிதத்தைச் சொல்கிறது என்று கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொகை போதாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். பனைமரங்களை எண்ணி அடங்கலில் பதியச் செய்யுங்கள். அவற்றை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது.

மீனவர்களுக்கு நிலத்தில் தரும் கணக்கு பொருந்தாது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். கடலடிக் கேபிள் வந்தால் அதன் மேல் நங்கூரம் போடவும் இழுவலை இழுக்கவும் தடை வரும். தடைப் பட்டையின் அகலம் என்ன, கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைப்பார்கள், பதிக்கும் நாட்களில் வருமானம் போனால் யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வேலையை முடித்துவிடலாம், கடல் காலியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மீன் இனப்பெருக்கத்துக்கு விட்ட காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் நாட்டுப்படகுக்காரர்கள் நாலு காசு பார்க்கிறார்கள்.