தவறான விடைக்கு ஒரு வரி

அன்புள்ள தங்கைக்கு,

கற்பித்தல் பயிற்சிக்காக ஒன்றாம் வகுப்புக்கு நீ எழுதிய பாடக்குறிப்பைப் படித்தேன். ஒற்றைக்கொம்பு எழுத்துகளுக்கு நீ எடுத்த செடி, பெட்டி, நெல், வெயில் எல்லாமே அந்த வயதுக் குழந்தையின் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்கள். இந்தச் சொல்தேர்வு பயிற்சியால் வருவதில்லை; உனக்கு அது வாய்த்திருக்கிறது. குறிப்பில் உள்ள மின்னட்டை, தெர்மாகோல் மரம் பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. என்னை உறுத்துவது பக்கத்துக்குப் பக்கம் வரும் ஒரே வரி: "மாணவர்கள் சரியாக விடையளிப்பர்." உன் வகுப்பில் ஒரு குழந்தைகூடத் தவறவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றால் அங்கே ஆசிரியர் எதற்கு?

கொம்பையே எடுத்துக்கொள். 'கெ' என்றால் காதில் முதலில் விழுவது ககர ஒலி, எகரம் அதன் பிறகுதான். எழுத்திலோ கொம்பு முன்னால் நிற்கிறது. காதை நம்பும் குழந்தை 'க' எழுதிவிட்டு அதன் வலப்பக்கம் கொம்பு போடும். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்ந்தால், ஒலியைச் சரியாகப் பிரித்துக் கேட்ட திறமையையும் சேர்த்து அடித்துவிடுகிறோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் றா, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் மாறின. கொம்பு இடம் மாறவில்லை. ஆகவே இந்தத் தடுமாற்றம் ஆண்டுதோறும் வரும். வரும் என்று தெரிந்ததற்குக் குறிப்பில் ஒரு வரி வேண்டாமா? கணக்கும் அப்படித்தான். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்பில் சிலர் 35 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவு அல்ல. ஒன்றுகள் இடத்தில் 2இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறார்கள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கச் சொன்னது நாம்தானே? அடுத்து 61இலிருந்து 34ஐக் கழிக்கக் கொடு. 33 வந்தால் சந்தேகமே வேண்டாம். 'கடன் வாங்கு' என்று மறுபடி மறுபடி சொல்லிப் பயனில்லை. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து அவிழ்க்கச் சொல்ல வேண்டும்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோமே, போதாதா என்று கேட்பாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், ஏன் அங்கேயே நிற்கிறது என்பதைச் சொல்லாது. 2007இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோதும் இதே நிலைமைதான். பாயில் உட்கார்ந்து, ஏணிப்படி பார்த்து, அட்டை அட்டையாகக் குழந்தைகள் நகர்ந்தார்கள். யார் எந்த அட்டையில் என்பது ஒரு பார்வையில் தெரிந்தது. ஒரே அட்டையில் ஒருத்தி நாள்கணக்கில் தங்கினால் காரணத்தை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முப்பது பேரின் பிழைகளைப் படிக்க நேரமேது என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் முப்பது பேர் முப்பது விதமாகத் தவறுவதில்லை. கொம்பில் வருவது மூன்று நான்கு விதம். அவற்றை வீட்டிலேயே யோசித்து வைக்கலாம். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணுக்கு இது உதவுமா என்றால், பெரிதாக உதவாது. அங்கே சரியான விடையைத் தெரிந்தெடுத்தால் போதும். அதற்குத் தனியாகப் படி, தேர்ச்சி பெறு. ஒன்றாம் வகுப்பு வேறு திறமையைக் கேட்கிறது: தவறான விடையைப் பார்த்ததும், எந்த யோசனை அதைப் பிறப்பித்தது என்று ஊகிக்கத் தெரிய வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் பலகைகளை அழிக்கச் சொல்வதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வந்து, பார்த்த பிழைகளை அப்படியே எழுதிக்கொள். இரட்டைக்கொம்புக்கு நீ எழுதும் குறிப்பை எனக்கு அனுப்பு. 'கே' எழுதச் சொன்னால் 'கெ' எழுதும் குழந்தையிடம் என்ன கேட்பாய் என்பதைத்தான் அதில் முதலில் தேடுவேன்.

அன்புடன்,
அக்கா