ஆடவர் நெளிமுடியும் அதைத் திருத்தும் முறையும்

ஆடவர் தலைமுடிக்குக் குஞ்சி, பங்கி, பித்தை, ஓரி எனப் பல பெயர்களை நம் முன்னோர் வழங்கினர். பிற்காலத்தில் முடியைக் கொண்டே மனிதனை அளக்கும் வழக்கமும் தோன்றிற்று. 19-ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவரான தமிழர் குடுமியைக் களைதல் வேண்டுமென மிஷனெரிமாருள் சிலர் வற்புறுத்தினர். கால்டுவெல் ஐயரோ 1867-இல் குடுமியைப்பற்றி ஒரு சிறு நூல் எழுதி, அது நாட்டு வழக்கமேயன்றி மதச்சின்னம் அன்றென வாதித்தார்.

காலப்போக்கில் குடுமி அருகிக் கிராப்பு பெருகிற்று. 1910-இல் மாயவரத்திற் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதர் திரைப்படங்களாற் புகழெய்தியபோது, பிடரியளவும் வளர்த்துப் பின்வாரிய அவர் முடியை இளைஞர் பலர் பின்பற்றினர். 'பாகவதர் கிராப்பு' என்ற பெயரும் எழுந்தது. இன்றோ நெளிமுடியுடைய மாணவர் சிலர் அதனைக் குறையெனக் கருதி, எண்ணெய் வழியப் படியவாருகின்றனர். அன்றேல் ஒட்டக் கத்தரித்துவிடுகின்றனர்.

யானும் மாணவப் பருவத்தில் அவ்வாறே நாணியிருந்தேன். கீழ்வேளூரில் முடிதிருத்தும் முதியவர் ஒருவரிடம் சென்று, "முடி நேராகப் படியும்படி வெட்டுங்கள்" என்றேன். அவர் கத்தரியைத் தொடாமலே, "தம்பி, எண்ணெய் போகக் குளித்து, முடி காய்ந்தபின் வாருங்கள். அது எப்பக்கம் சாய்கிறதென்று முதலிற் பார்ப்போம்" என்றார். இக்கலையின் முதற்பாடம் அதுவே.

முடி நெளிவது ஏன்? மயிர்க்கால் வளைந்திருப்பின் அதினின்றெழும் முடியும் வளையும். நனைந்த நெளிமுடி நீண்டு தொங்கும், காய்ந்தபின் சுருங்கும். ஆதலின் ஈரத்தில் அளவுபார்த்து வெட்டுவோர் சற்று மிகுதியாகவே விடுதல் வேண்டும். முடி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். கடலுக்கு அணித்தான கீழ்வேளூரில், ஐப்பசி கார்த்திகை மழைநாளிற் படியவாரிய முடி வகுப்பு மணி அடிக்குமுன் நெளிந்தெழுவது இதனாலேயாம்.

இனி, மனத்திற் கொள்ளத்தக்கவை வருமாறு:

முதலாவது, பக்கங்களையும் பிடரியையும் குறுகத் திருத்தி, உச்சியில் இரண்டு மூன்று அங்குலம் விடுக. மிகக் குறைப்பின் நெளிவு முற்றுப்பெறாது குத்திட்டு நிற்கும்.

இரண்டாவது, வட்டமுகத்தார் உச்சியில் உயரம் விடுக. நீண்ட முகத்தார் உச்சியைத் தாழ்த்திப் பக்கங்களிற் சிறிது விடுக.

மூன்றாவது, உச்சிச் சுழியின் போக்கையொட்டியே வகிடெடுக்க.

நான்காவது, குளித்தபின் துணியால் அழுத்தித் தேய்க்காது ஒற்றியெடுத்து, ஈரம் இருக்கையிலேயே அகன்ற பற்களுள்ள சீப்பால் வாருக. சில துளி தேங்காயெண்ணெய் போதும். காய்ந்தபின் நெருங்கிய பற்சீப்பால் வாரின் நெளிவு குலைந்து பரட்டையாகும்.

ஐந்தாவது, முடி திங்களுக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளருமாதலின், ஐந்தாறு வாரத்துக்கொருமுறை திருத்திக்கொள்க.

மறுநாள் முடி காயச் சென்றேன். அம்முதியவர் அதனை நேராக்க முயலவில்லை. அதன் போக்கிலேயே விட்டு, மிகுந்ததை மட்டும் குறைத்தார். கண்ணாடியிற் கண்ட முகம் என் முகமாகவே இருந்தது. நாணம் மட்டும் நீங்கியிருந்தது. பள்ளமறிந்து வாய்க்கால் வெட்டுவர் நம் உழவர். சுழியறிந்து கத்தரி வைத்தலும் அத்தகையதே. நண்பர்காள், வெட்ட வெட்ட வளர்வது முடி. அதனைச் செவ்வையாகப் பேணுவோம். அதனால் நம்மையும் பிறரையும் அளவாதிருப்போம்.