பேகன் கொடுத்ததும் போட்ட துணிதான்

போன மாதம் சமய வகுப்பில் தானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கையைத் தூக்கினான். “அக்கா, போட்ட சட்டையைக் கொடுத்தா அது தானமா? கோயில்ல புதுத் துணிதானே கொடுக்கிறாங்க?”

நல்ல கேள்வி. சடங்கில் வஸ்திர தானம் என்றால் புதுத் துணிதான். ஆனால் கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகனை நினைத்துப் பாருங்கள். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையையே போர்த்தினான். போட்ட துணிதான். ஆனால் தனக்கு வேண்டாமென்று ஒதுக்கி வைத்த துணி அல்ல. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இது புரிந்தது ஒரு தப்பு செய்த பிறகுதான். நானே பெரியம்மா மகள் போட்ட பினாபோரில்தான் படிவம் ஒன்றுக்குப் போனவள். பெயர்ப்பட்டையைப் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அம்மா அதன்மேலேயே என் பெயரைத் தைத்துக் கொடுத்தார். அதில் எனக்குக் குறையே இல்லை, ஏனென்றால் பெரியம்மா ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் அப்படி இருக்கவில்லை. பள்ளித் தோழிக்கு என் பஞ்சாபி சூட் ஒன்றைக் கொடுத்தேன். தீபாவளி விருந்துக்கு அதைப் போட்டு வந்தாள். எல்லார் முன்னாலும், “ஏய், இது என்னோடதுதானே! உனக்குத்தான் நல்லா இருக்கு” என்றேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அதை அவள் போட்டு நான் பார்க்கவே இல்லை.

அடுத்த ஜனவரியில் அவள் தங்கை இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். என் அலமாரியில் இரண்டு பினாபோர் சும்மா தொங்கின. அவள் கேட்கவில்லை. நானாகக் கேட்டபோதும், “வேணாம்லா, வாங்கிட்டோம்” என்றாள். கடனுக்கு வாங்கினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மனம் மகிழ்ந்து கொடுப்பதைவிட முகம் மலர்ந்து இனிமையாகப் பேசுவதே நல்லது என்கிறது 92ஆம் குறள். நான் அன்று சொன்னதும் இன்சொல் என்றுதான் நினைத்தேன்!

ஆகவே தம்பி தங்கைகளே, கொடுப்பதற்கு முன்னால், ‘வேணுமா?’ என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தான்களைச் சரிபார்த்துக் கொடுங்கள். கழுத்துப்பட்டையில் அழுக்கு ஏறிய வெள்ளைச் சட்டை வீட்டைத் துடைக்கத்தான் ஆகும். கொடுத்த பிறகு அந்தத் துணியை எங்கே பார்த்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

அடுத்த வாரமே அந்தத் தம்பி, அண்ணன் போட்ட பள்ளிக் கால்சட்டை இரண்டைக் கொண்டுவந்தான். ஒன்றில் ஜிப் போயிருந்தது. “மாத்திட்டுக் கொண்டு வாடா”ன்னு திருப்பிக் கொடுத்துட்டேன்.