பாட்டரியால் இயங்கும் வேலி கத்தரிக்கும் யந்திரம்: உபயோகமும் பாதுகாப்பும்

உயிர்வேலி நிலத்திற்கு நல்ல காவல். திருப்பூர், ஈரோடு, கரூர் ஜில்லாக்களிலுள்ள கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி வளர்க்கப்படுகிறது. மற்ற இடங்களில் கொடுக்காப்புளி, மருதாணி, நொச்சி, திருகுகள்ளி முதலியவற்றை வேலியாக நடுகின்றனர். இவற்றைக் காலத்தில் கத்தரித்து வராவிடில், மேற்பாகம் படர்ந்து அடிப்பாகத்திற்கு வெயில் கிட்டாது. அடியில் இலை உதிர்ந்து சந்து விழும். அச்சந்தின் வழியே ஆடு நுழைந்தபின் வேலி இருந்தும் பயனில்லை.

இவ்வேலையை அரிவாளாலும் பெரிய கத்தரிக்கோலாலும் செய்து வந்த குடியானவர்கள் பலர், இக்காலத்தில் பாட்டரி யந்திரத்தை வாங்குகின்றனர். மின்சார இணைப்பில்லாத தோட்டத்திற்கும் இது ஏற்றது. ஆனால், கம்பி இல்லாமையால் அபாயமும் இல்லையென்று எண்ணுவது தவறாகும். கம்பியுள்ள யந்திரத்தை இணைப்பிலிருந்து பிடுங்கிவிட்டால் அது ஓடாது. பாட்டரி யந்திரமோ தன் சக்தியைத் தன்னிடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகையால் எல்லா விதிகளுக்கும் முதல் விதி யாதெனில், பாட்டரியைக் கழற்றிய பின்னரே கத்தியைத் தொடுதல் வேண்டும் என்பதே.

யந்திரத்தின் அமைப்பு

பற்களுள்ள இரண்டு நீண்ட தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி, முன்னும் பின்னுமாக விரைந்து ஓடிக் கிளைகளை நறுக்குகின்றன. சாதாரண யந்திரங்களில் பற்களின் இடைவெளி சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும்; அதாவது ஒரு விரல் நுழையும் அளவு. கிளைக்கும் விரலுக்கும் உள்ள வேற்றுமையைக் கத்தி அறியாது.

இரு கைகளாலும் அழுத்தினாலன்றி ஓடாதபடி பெரும்பாலான யந்திரங்களில் இரண்டு விசைகள் வைக்கப்பட்டுள்ளன. ஓடும் கத்தியினருகே கை செல்லாதிருப்பதற்காகவே இவ்வேற்பாடு. கை வலிக்கிறதென்று ஒரு விசையைக் கயிற்றால் கட்டிவைப்பது, காவலனைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்துவிடுவது போலாகும்.

வேலை தொடங்குமுன்

முதலில் வேலியின் இருபுறமும் நடந்து பார்த்தல் வேண்டும். பழைய வேலிகளுக்குள் முள்கம்பி, ஆணி, கல் முதலியன மறைந்து கிடப்பதுண்டு. குளவிக்கூடு, பாம்பு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். குஞ்சுகளுள்ள பறவைக் கூடு இருப்பின், அவை பறந்து போகும் வரை அப்பகுதியை விட்டுவிடுவது நலம். வேலிக்கு மேலே மின்சாரக் கம்பி சென்றால், அவ்விடத்தில் இந்த யந்திரத்தை உயர்த்தவே கூடாது. இதன் கத்தி உலோகமாதலால், பாட்டரி யந்திரமாயினும் மின்சாரம் தாக்கும்.

தோளில் தொங்கும் துண்டு, தழைந்த வேட்டி, புடவைத் தலைப்பு ஆகியவை கத்தியில் சிக்கக்கூடும். இறுக்கமான உடை, மூடிய செருப்பு, தடித்த கையுறை, கண்ணாடி ஆகியன அவசியம். திருகுகள்ளியின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு விளையுமாதலால், அவ்வேலியில் கண்ணாடியின்றி வேலை செய்தல் ஆகாது. குழந்தைகளும் கால்நடைகளும் குறைந்தது 15 அடி தூரத்தில் இருக்க வேண்டும். மழையிலும் ஈரமான வேலியிலும் வேலை செய்யலாகாது.

கத்தரிக்கும் முறை

வேலி அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருத்தல் நன்று. அப்பொழுதுதான் அடியிலையும் வெயில் பெற்றுத் தழைக்கும். முதலில் பக்கங்களைக் கீழிருந்து மேலாகக் கத்தரித்து, பின்னர் உச்சியைக் கத்தரிக்க வேண்டும். இரு முனைகளிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டால் உச்சி ஒழுங்காக அமையும். கயிற்றுக்குச் சற்று மேலாகவே கத்தி செல்லட்டும். பல்லிடையில் நுழையாத தடித்த கிளைகளை யந்திரத்தால் முயலாமல் கைவாளால் அறுத்துவிட வேண்டும்.

ஏணிமேல் நின்று கத்தரிப்பது அபாயம். இரு கைகளும் யந்திரத்தில் இருக்க, விழும்பொழுது பிடித்துக்கொள்ளக் கை இராது. எட்டாத உயரத்திற்கு நீண்ட பிடியுள்ள யந்திரமோ, உறுதியான மேடையோ வேண்டும்.

கத்தி சிக்கிக்கொண்டால்

விபத்துக்கு இடமாவது இத்தருணமே. கிளை சிக்கியவுடன் கத்தி நின்றுவிடுகிறது. நின்ற கத்தியைக் கண்டு பயமின்றிக் கையை நீட்டுகின்றனர். கிளையை இழுக்கும்பொழுது விசை அழுந்துமாயின் கத்தி மீண்டும் ஓடும். ஆகையால் விசைகளை விட்டு, கத்தி முற்றும் நிற்கும் வரை பொறுத்து, பாட்டரியைக் கழற்றித் தனியே வைத்து, பிறகு ஒரு குச்சியால் கிளையைத் தள்ளிவிட வேண்டும். இதற்கு அரை நிமிஷம் பிடிக்கும். வெட்டிய கிளை மழைக்குத் துளிர்க்கும். வெட்டுண்ட விரல் துளிர்க்காது.

கத்தியைப் பேணுதல்

வேலை முடிந்ததும் பாட்டரியைக் கழற்றி, தூரிகையால் இலைத்தூளை நீக்கி, கத்தியில் படிந்த பிசினைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவலாகாது. பின்னர், தையல் யந்திரத்திற்கு இடும் மெல்லிய எண்ணெயைச் சில துளிகள் பற்களின் மீது விடுக. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிக் கத்தியை இறுக்கும். திருகாணிகள் தளர்ந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். கிளை நறுங்காமல் நைந்து போனால் கத்தி மழுங்கிவிட்டதென்று அறிக. பற்களின் பழைய சாய்வு மாறாமல், தட்டை அரத்தால் ஒரே திசையில் தீட்ட வேண்டும். எடுத்து வைக்கும்பொழுது கத்திக்கு உறையிடுதல் அவசியம்.

பாட்டரியைப் பேணுதல்

இவ்வகை யந்திரங்களில் பெரும்பாலும் லித்தியம் அயான் பாட்டரி இருக்கிறது. 18 வோல்ட் பாட்டரியில் 3.6 வோல்ட் கொண்ட கலங்கள் ஐந்து வரிசையாக இணைந்துள்ளன. இதற்கு வெப்பமே பெரும் பகை. வெயிலில் வேலை செய்த பாட்டரியை நிழலில் ஆறவைத்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும். அதற்குரிய சார்ஜரையன்றி வேறொன்றை உபயோகிக்கலாகாது. வைக்கோல், சாக்கு முதலியவற்றின் அருகிலும் சார்ஜ் செய்யலாகாது. ஆணி, சாவி, நாணயம் ஆகியவற்றோடு ஒரே பையில் போட்டால், முனைகள் இணைந்து தீப்பிடிக்கக்கூடும். மாதக்கணக்கில் வேலையில்லாத காலத்தில், பாதியளவு சார்ஜுடன் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

உப்பிய பாட்டரியையும், உடைந்த பாட்டரியையும் மறுபடி உபயோகிக்கலாகாது. அவற்றைக் குப்பையிலோ நெருப்பிலோ எறியாமல், பழைய பாட்டரிகளைச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் இந்திய அரசு பாட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு.

யந்திரத்தைக் கூலியாளிடம் கொடுக்கும் மிராசுதார்கள், ஓட்டும் விதத்தைக் காட்டுவதற்கு முன், பாட்டரியைக் கழற்றும் விதத்தைக் காட்டிக் கொடுப்பார்களாக.