இலக்கைக் காட்டும் காணொளி

வீட்டிலிருந்தே பயிலும் மாணவருள் பலர், 1989இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகத் தேர்வு எழுதுகின்றனர். "நீ என்ன ஆகப் போகிறாய்?" என வினவ வகுப்புத் தோழர் அவர்களுக்கு இல்லை. அக்குறையைக் காணொளி ஓரளவு போக்கும். பெற்றோர் துணையுடன், கேன்வா போன்ற இணையக் கருவியில் படங்களை வரிசைப்படுத்தித் தம் குரலைப் பதிந்து, தமிழ் எழுத்துகளையும் சேர்க்கலாம்.

"கடலை ஆராய்வேன்" என்று கூறுதல் எளிது. அதற்கு எந்தப் படத்தை வைப்பது? கப்பலா, நுண்ணோக்கியா, பவளப்பாறையா? இங்கேதான் மாணவர் தயங்குவர், அத்தயக்கம் நன்று. பவளப்பாறையைத் தேர்ந்தவர், அது மன்னார் வளைகுடாவிலும் இலட்சத்தீவிலும் அந்தமானிலும் இருப்பதை அறிவார். அதனைக் காக்கும் வழியையும் தேடுவார். முன்பு ஒரு சொல்லாக இருந்த கடல் இப்போது அவருக்கு ஓர் இடமாகிறது.

பயிற்சி: உன் இலக்கைக் காட்ட மூன்று படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் எழுதுக.